மூன்றாவது நட்டு

1
இந்தக் கதை ஒரு அட்டைத் துண்டிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்காகக் காத்திருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த வேன் இன்ஜின்மேல் மெக்கானிக் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். விசிறிவிடுகிறாரோ என்று நினைத்தேன். கசிவு தேடுகிறாராம். கையால் தடவினால் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம்.

'அவர் கண்களில் ஆழ்ந்த சோகம்...' (வேண்டாம். மனிதர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.)

2
ஃப்யூவல் ரெயில் என்பது இன்ஜின்மேல் படுத்திருக்கும் தடித்த இரும்புக்குழாய். பம்ப் தள்ளும் டீசலை அழுத்தத்தோடு தேக்கி, அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் சிறுகுழாய்கள் வழியே பகிர்ந்து கொடுக்கும். லேசில் கெடாது. விரிசல் விட்டாலோ, துருப்பிடித்தாலோ, சிறுகுழாய் வந்து உட்காரும் வாய் சிதைந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். (அதிலுள்ள சென்சார் கெட்டதற்கு ரெயிலையே மாற்றுகிறவர்களும் உண்டு. அது வேறு கதை.)

3
மெக்கானிக்குக் கதைக்காக ஒரு தங்கையைக் கொடுத்தேன். பள்ளி வேன் ஓட்டுகிறாள். போன வாரம் அதில் இன்ஜெக்டர் மாற்றியவர் இவர்தான். இன்று டீசல் வாடையென்று அவள் திரும்பக் கொண்டுவர, சிறுகுழாயை ரெயிலோடு இறுக்கும் மூன்றாவது நட்டருகே அட்டை நனைந்தது. இன்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்கும்வரை பொறுத்துக் கழற்றினார். ரெயிலின் வாய் நசுங்கியிருந்தது. போன வாரம், இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்சைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, "என் கைக்குத் தெரியாத அளவா?" என்று இறுக்கியது ஞாபகம் வந்தது.

"என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ரெயில மாத்தணும். புதுசு வர ரெண்டு நாளாகும்."

"விளையாடுறியா? வண்டிய நான் சரியா கவனிக்கலன்னு ஸ்கூல்ல ஏற்கெனவே கடுப்புல இருக்காங்க. வேற ஆளப் போட்டுடுவாங்க. இன்னொரு சுத்து முறுக்கிக் குடேன்! உன் கைராசிய ஊரெல்லாம் பீத்திட்டுத் திரியுறேன்."

4
முடிவு ஒன்று: முறுக்கிக் கொடுக்கிறார். பாதி வழியில் சூடான இன்ஜின்மேல் டீசல் பீய்ச்ச, பின்னால் பதினாறு பிள்ளைகள்... (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: "பழசாயிடுச்சும்மா, யார் என்ன பண்ண முடியும்?" என்கிறார். அவள் நம்பிவிடுகிறாள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், வண்டியைக் கவனிக்காத பழி அவள் தலையில் விழும்.

5
ஆகவே, வேன் நாளை போகாது. இதில் பேரம் கிடையாது. மிச்சத்தை, அதாவது தன் கைதான் காரணம் என்று அவர் ஒப்புக்கொள்வாரா என்பதை, யோசித்துக்கொண்டிருந்தபோதே, நான் எழுதாமல் தங்கை ஒரு காரியம் செய்துவிட்டாள். பள்ளிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். மணி அடிக்கிறது.

"கேப்பாங்க அண்ணே. என்ன காரணம் சொல்லட்டும்?"

அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

சொல்லுங்கள்.