பதினாலு கிலோ மக்கும் குப்பை

தலைமைப் பண்பு முகாமில் சான்றிதழ் வாங்க நாற்பது மணிநேரச் சேவை வேண்டும். ஜெமிக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. கடைசி மணிநேரம் கடற்கரைத் துப்புரவு, அதுவும் அவளுடைய ஊர்க் கரையில். முதல் நாள் பஸ் இந்தக் கரையைத் தாண்டும்போது, முகாமுக்கு வந்த இன்னொரு மாணவன் ஜெரிஷ் "மீன் வாடை" என்று மூக்கைப் பொத்தியதிலிருந்து, அவள் தன் ஊரை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் தண்ணீர் கேனோடு திரும்புவதற்குள், பள்ளிக்குப் பள்ளி முதல் மதிப்பெண் எடுத்த வருங்காலத் தலைவர்கள் மணலில் விரித்துக் கிடந்த பழைய வலையை, அதன்மேல் இருந்ததோடு சுருட்டிச் சாக்கில் கட்டியிருந்தார்கள்.

"பதினாலு கிலோ மக்கும் குப்பை!" என்றார் பயிற்சியாளர். "இந்த ஜனங்களுக்குச் சுகாதாரம்னா என்னன்னே தெரியல. ஜெமி, நீதான் நல்லாப் பேசுவ. கேமராவப் பாத்து ரெண்டு வரி சொல்லும்மா."

"மூக்கப் பொத்திட்டுச் சொல்லு மக்கா, இயற்கையா இருக்கும்," என்றான் ஜெரிஷ்.

தூரத்தில் ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏலே, எவம்லே அத அள்ளுனது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெமி கேமராவைப் பார்த்தாள்.

"இது குப்பை இல்ல சார், காயப்போட்ட நெத்திலி. அந்தா வாறது எங்க அம்மா."