டிசம்பர் கடைசியில் பிறந்தவள்

அமெரிக்காவின் டுலூத் நகரில் லோர்னாவின் வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் பார்த்துத் தருபவர் பக்கத்து வீட்டு ஹாலிஸ். இந்த முறை அவர் தயங்கினார்.

"உன் பொண்ணுக்குப் பதினேழு ஆயிடுச்சேம்மா. வருஷம் முடியறப்போ பதினேழு ஆகாத பிள்ளைக்குத்தான் முழு வரிச்சலுகை. இனிமே சின்னச் சலுகைதான்."

"டிசம்பர் முப்பத்தொண்ணுதானே பொறந்தா? ஒரு நாள்தானே அண்ணே?"

"அந்த ஒரு நாளாலதான் அவ பொறந்தப்போ அந்த வருஷம் முழுசுக்கும் சலுகை கிடைச்சுது."

லோர்னாவுக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சன்னலுக்கு வெளியே புத்தாண்டு வாணவேடிக்கை. கணவன் டெல்மர் குழந்தையை ஏந்திக்கொண்டு, "வந்த அன்னைக்கே சம்பாதிச்சுட்டா பாரு" என்று சிரித்தான். அவன் இறந்து ஆறு வருடமாகிறது.

"டெல்மர் இருந்திருந்தா இதுக்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சிருப்பான்" என்றாள்.

ஹாலிஸ் பேனாவை வைத்துவிட்டு, "காபி போடும்மா, அவனைப் பத்திப் பேசுவோம்" என்றார்.