மணிக்கு ஒன்பது கிலோ

கடற்கரை நெடுக இருந்த பத்தொன்பது இறால் உரிக்கும் ஷெட்டுகளில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இழுத்து மூடப் போகிறார்கள் என்ற செய்தி எப்படியோ மேஸ்திரியின் காதுக்கு முதலில் வந்துவிட்டது. கடல் உணவுத் தொழிலுக்கான பத்தாண்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் இறால் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இறாலை உரிக்கிறவள் மருந்துக்கும் வரவில்லை. உற்பத்தித் திறன் என்று அங்கங்கே எழுதியிருக்கிறார்களே, அதுதான் அவள்.

மேஸ்திரியின் கீழ் அறுபத்திரண்டு பெண்கள். பதினாலு வருடம் தானும் அவர்களோடு நின்று உரித்து, விரல் நகமெல்லாம் அரித்துப்போன பிறகுதான் மேஸ்திரி ஆனவள். அறுபத்திரண்டு பேரில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை. தையல் மிஷினோடு நிம்மதியாக இருந்தவள்தான். புருஷன் படகில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுத்தபோது, "வாடி, நான் இருக்கேன்ல" என்று கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்து வந்தவள் அக்காதான். தங்கை உரித்த இறாலில் துளி ஓடு இருக்காது. குடல் நூலும் முழுசாக வந்திருக்கும். ஆனால் ஆமை வேகம். மற்றவர்கள் மணிக்கு நாலரை, ஐந்து கிலோ உரித்தால் இவள் நாலைத் தொட மாட்டாள்.

எந்த ஆறு ஷெட்டுகள் பிழைக்கும் என்பதை வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். ஷெட்டுக்கு ஒருத்தி, ஒரு மணி நேரம், அதிகாரி கண்ணெதிரே உரித்துக் காட்ட வேண்டும். இதைக் கேட்டதுமே மேஸ்திரியின் மூளை குறுக்கே ஓட ஆரம்பித்துவிட்டது.

காலையில் பிடித்துக் காலையிலேயே வரும் இறாலில் ஓடு சதையோடு பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதையே ஒரு நாள் முழுக்க ஐஸில் புதைத்து வைத்தால் ஓடு தளர்ந்து, இழுத்த இழுப்புக்குக் கழன்று வரும். உரிக்கிற எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும், திட்டம் போடுகிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஷெட்டில் அப்படிச் செய்ய அனுமதி கிடையாது. அன்றன்று வந்ததை அன்றன்றே உரித்து அனுப்புவதுதான் இந்தக் கரையின் பெருமை என்று திட்டத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மேஸ்திரி முந்தின நாளே ஒரு பெட்டி இறாலை ஐஸில் ஒளித்து வைத்தாள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டுமே என்று, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தவள் தங்கை.

"அக்கா, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"போட்டோ எடுக்கும்போது தலை சீவிக்கறது ஏமாத்தா? பேசாம பொறுக்குடி. ஷெட் இருந்தாத்தான் நாம இருப்போம்."

மறுநாள் அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், மரியாதையாகப் பேசுகிறவர். யாருடையதோ பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் தத்தித் தத்தி நடந்தார். ஷெட்டிலேயே கை வேகமான பெண்ணை எல்லாரும் 'மெஷின்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேஸ்திரி அவளை நிறுத்தினாள். தங்கை பக்கத்தில் நின்று இறாலை நீட்டவும் ஓட்டை அள்ளவுமாக இருந்தாள், மெஷின் தலையைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிந்து தராசில் வைத்தபோது ஒன்பது கிலோ இருநூறு.

அதிகாரி தராசை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "எல்லாருமே இந்த வேகம்தானா?"

"எல்லாருந்தான் சார். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றாள் மேஸ்திரி. பின்னால் நின்ற தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாம் மாதம் பட்டியல் வந்தது. ஆறில் முதலாவதாக இவர்கள் ஷெட். பெண்கள் மேஸ்திரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவளுக்குத் தனியாக ஒரு கடிதமும் வந்தது. திட்டப்படி வரப்போகும் புதிய மையத்தில் மேற்பார்வையாளர் வேலை, தனி மேஜை. யாருக்கும் காட்டாமல் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டாள். ஆட்டம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. அதிகாரி இன்னொரு தாளோடு வந்து நின்றார்.

"மேடம், மணிக்கு ஒன்பது கிலோ உரிக்கிற ஆளுங்க அறுபத்திரண்டு பேர் இருக்காங்க. ஆனா ஷெட்ல இருந்து வெளிய போறது அதுல பாதிகூட இல்லை. அப்போ பாதிப் பேருக்கு மேல சும்மா நிக்கறாங்கன்னுதானே அர்த்தம்? இருபத்தேழு பேர் போதும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, மேஸ்திரி அறுபத்திரண்டு பேருக்கும் சேர்த்து வைத்திருந்தாள். இதற்கு மேலும் ஒன்று பாக்கி இருந்தது. எல்லாரையும் சோதித்து முதல் இருபத்தேழு பேரை எடுக்க வேண்டும். கடிகாரத்தை அவளே பிடிக்க வேண்டும். "உங்க ஆளுங்களை உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அந்த நல்ல மனுஷர்.

சோதனை நாளில் அன்று காலை வந்த இறாலைக் கொட்டி, பத்துப் பத்துப் பேராக நிறுத்தி உரிக்க விட்டார்கள். மெஷினுக்கே ஐந்தரைதான் வந்தது. அதிகாரி புருவத்தைச் சுருக்கினார்.

"அன்னைக்கு ஒன்பது வந்துச்சே?"

"பயம் சார். வேலை போயிடுமோன்னு கை உதறுது. போகப் போக வந்துடும்" என்றாள் மேஸ்திரி. வராது என்று அவளுக்குத் தெரியும். மிஞ்சப்போகும் இருபத்தேழு பேரும் அறுபத்திரண்டு பேரின் வேலையைச் செய்து விரலை உருக்கிக்கொண்டு சாகப்போகிறார்கள் என்றும் தெரியும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் தங்கையின் முறை. உயிரைக் கொடுத்து உரித்தாள். ஆள்காட்டி விரலில் ஓடு குத்தி ரத்தம் வந்தது, துடைக்கக்கூட நிற்கவில்லை. தராசு மூன்று கிலோ தொள்ளாயிரம் காட்டியது. மேஜையை விட்டு அவள் நகரவில்லை.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு வச்ச இறால் வேற மாதிரி சார்." அக்கா பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லுக்கா. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பாரு. நீ சொன்னா நம்புவாரு."

அறுபத்தோரு பெண்களும் மேஸ்திரியின் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் பட்டியலிலிருந்து ஷெட்டை அடித்துவிடுவார்கள், இருபத்தேழு பேரின் சோற்றிலும் மண் விழும். மேஸ்திரி அதைத்தான் நினைத்தாள். கைப்பையில் இருந்த கடிதத்தை நினைக்கவே இல்லை என்று பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சத்தியம் செய்தாள். நினைத்தாள்.

"அதே இறால்தான் சார். இவ என் கூடப்பொறந்தவ. வந்த நாள்ல இருந்தே மெதுவு. தங்கச்சியாச்சேன்னு இத்தனை வருஷமா நான்தான் மூடி மறைச்சேன். என் தப்புதான்."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "சொந்தத் தங்கைன்னுகூடப் பார்க்காம சொல்றீங்க பாருங்க. இதுதான் மேடம் நேர்மை." தாளில் ஏதோ நல்ல வார்த்தையாக எழுதிக்கொண்டார்.

பிறகு தங்கையைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

தங்கை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்று கூடவே கத்தியிருப்பார்கள். மேஸ்திரியின் கையிலிருந்த கடிகாரம் வியர்வையில் வழுக்கியது.

"அக்கா சொல்றது சரிதான் சார். நான் மெதுவுதான்."

மேஸ்திரிக்கு அப்போது முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. மூச்சு தாராளமாக வந்தது. தங்கை மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். மேஸ்திரி மூன்று கிலோ தொள்ளாயிரம் என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.