புள்ளி வைக்காத ஷாஃப்ட்

பாகங்களை அழுத்திக் கழற்றும் பிரஸ்ஸின் கைப்பிடியைப் பட்டறையின் பெரியவர் ரெட்டைப்புள்ளி இரண்டு விரலால்தான் அழுத்திக்கொண்டிருந்தார். அலுமினியம் என்றால் அவர் கைக்குத் தானாக ஒரு மரியாதை வந்துவிடும். இரும்பு ஷாஃப்ட் நாலு அடி வாங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் ஒருதரம் கோணினால் கோணியதுதான், கெஞ்சினாலும் திரும்பாது.

பலகைமேல் இரண்டு ஷாஃப்ட்டுகள் கிடந்தன. வெளியே நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்களுக்கு ஓட்டம் கொண்டுபோகிறவை. ஒவ்வொன்றின் இரு நுனியிலும் காது மாதிரி இரண்டு வளையங்கள். அவற்றுக்கு நடுவே கூட்டல் குறி போல ஓர் எஃகுத் துண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் கிராஸ். அதன் நான்கு முனைக்கும் நான்கு தொப்பிகள் உண்டு, கப் என்பார்கள். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் ஷாஃப்ட் முறியாமல் சுற்றுவது இந்தக் கிராஸின் தயவால்தான். இரண்டு ஷாஃப்ட்டுக்குமாக நான்கு கிராஸ்கள், நான்கும் தேய்ந்துபோயிருந்தன.

எதிர்ப்பக்கம் ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடித்திருந்தான் மச்சினன். மனைவியின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் இவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இங்கே சேர்த்துவிட்டார்.

"மாமா, கார் பல் டாக்டரோடது. இவ்வளவு பதமா பிடுங்கறீங்களே, ஊசி போட்டாச்சா?"

"வாயை மூடிட்டுப் பிடிடா. ஆடினா உன் பல்லு போயிடும்."

டக்கென்று ஒரு சத்தம். கப் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ரெட்டைப்புள்ளி அதை எடுத்துத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே மங்கலான கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. காதின் உட்புறத்தை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

"பதினாறு வருஷம் உள்ள இருந்திருக்கு. வர்றப்போ எப்படி வந்துச்சு பாத்தியா? தண்ணிக்குள்ள சோப்பு மாதிரி. எல்லாம் இந்தப் பூச்சு பண்ற வேலை. பூச்சில்லாத எஃகும் அலுமினியமும் ஒண்ணா நனைஞ்சுதுன்னா வெள்ளை பூத்துக்கும். அப்புறம் கப் வேற காது வேறன்னு கிடையாது. பிடுங்கினா காதோடதான் வரும்."

அவருக்கு ரெட்டைப்புள்ளி என்ற பெயர் வந்தது அவருடைய அப்பாவால். அப்பா ஷாஃப்ட் வேலையில் பெயரெடுத்தவர். வேலை முடித்த ஷாஃப்ட்டின் காதில் பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி தட்டுவார். அந்தப் புள்ளியைப் பார்த்தால் லாரிக்காரர்கள் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தப் பஞ்ச் இப்போது மகனான இவர் கையில் இருந்தது. சொந்தப் பட்டறை போய்விட்டது. இங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் புள்ளி மட்டும் போகவில்லை. முதலாளியே வருகிற கஸ்டமர்களிடம் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டுவார். "இது இருந்தா கண்ணை மூடிட்டு ஓட்டலாம் சார்."

பதினொரு மணிக்கு முதலாளி கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மூடிவிட்ட ஒரு கடையிலிருந்து மொத்தமாக வாங்கிப் போட்ட சரக்கு. ஸ்டோர் அறையில் சுவரை மறைத்து அடுக்கியிருந்தது.

"நாலு எடுத்துக்க. சாயந்திரம் வண்டி போகணும். டாக்டர் காலையில வெளியூர் கிளம்பறாராம்."

ரெட்டைப்புள்ளி ஒன்றைப் பிரித்தார். பளபளவென்ற வெறும் எஃகுக் கப். கிராஸின் நடுவில் கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிள்.

"இது இதுக்கு ஆகாது முதலாளி."

"அளவு பாத்தியா?"

"அளவு சரியாத்தான் இருக்கும்."

"பாருய்யா முதல்ல."

அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்துப் பழைய கப்பையும் புதியதையும் அளந்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்புறம் என்ன?"

"உருவம் ஒண்ணு, குணம் வேற. இதுல பூச்சு கிடையாது. அதோட இந்த நிப்பிளுக்காக நடுவுல ஓட்டை போட்டிருக்கான். லாரிக்குன்னா பரவாயில்லை, தடிமன் இருக்கும், வாராவாரம் கிரீஸும் அடிப்பாங்க. இந்த வண்டி காலை அழுத்தினா பாயற வண்டி. ஓட்டை போட்ட இடத்துலதான் முறியும். ஓட்டையில்லாம பூச்சு போட்டதா வரவழைக்கணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் வண்டியை நிறுத்தினா அவர் வேற பட்டறைக்குப் போயிடுவார்."

"நான் ஒரு வார்த்தை அவர்கிட்ட..."

முதலாளி திரும்பித் தரையைப் பார்த்தார். அங்கே குறுக்காக ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கஸ்டமர் நாற்காலிகள், தண்ணீர்ப் பாத்திரம், பத்திரிகைகள். வேலையாட்கள் கோட்டைத் தாண்டிப் பேசக்கூடாது என்பது பட்டறைச் சட்டம். பல் டாக்டர் அந்தப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"உன் வேலை இந்தப் பக்கம்," என்றார் முதலாளி.

"அப்ப நான் இதைத் தொடமாட்டேன்."

முதலாளி கோபப்படவில்லை. பெட்டியை மச்சினனிடம் நீட்டினார். "நீ போடுவியா? இல்ல, குடும்பத்தோட ஸ்டிரைக்கா?"

மச்சினன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். ரெட்டைப்புள்ளி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுக்கு எப்போதோ போய்விட்டது.

"போடறேன் முதலாளி," என்றான் அவன்.

ஒரு மணி நேரம் ரெட்டைப்புள்ளி வேறு வேலை பார்க்கிறாற்போல முதுகைக் காட்டி நின்றார். காது மட்டும் பிரஸ் பக்கமே இருந்தது. இரண்டாவது கிராஸ் ஏறும்போது சத்தம் சரியில்லை. திரும்பிப் பார்த்தார். கீழ்க்காதுக்கு முட்டுக் கொடுக்காமல் மச்சினன் அழுத்திக்கொண்டிருந்தான். காது இன்னும் ஒரு நொடியில் விரிந்துவிடும்.

"நிறுத்துடா!" இரண்டே எட்டில் போய்க் காதுக்கு அடியில் முட்டு வைத்து, உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். "இப்ப அழுத்து. மெள்ள. இது என்ன கரும்பா?"

அதையும் சேர்த்து மிச்ச மூன்று கிராஸும் அவர் கையில் தாங்கித்தான் ஏறின.

முடிந்ததும் மச்சினன் பஞ்ச்சை எடுத்து நீட்டினான். "மாமா, புள்ளி?"

"இதுக்குக் கிடையாது."

அவன் பஞ்ச்சைத் திரும்ப வைத்துவிட்டு, ஜாப் கார்டில் வேலை செய்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டான். யாராவது ஒருவர் போட்டால்தான் வண்டி வாசலைத் தாண்டும்.

அன்று வீட்டில் அவர் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "எங்கப்பா புள்ளியைக் கண்டதுக்கெல்லாம் வைக்க முடியாதுன்னுட்டேன்," என்றார்.

மனைவி தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். "கையெழுத்து யாரு போட்டது?"

"உன் தம்பி."

"ஏங்க, ஆகாதுன்னு தெரிஞ்ச உங்க பேர் சுத்தமா இருக்கு. நீங்க கூட்டிட்டுப் போன பிள்ளை பேர் அதுல இருக்கு. நல்லா இருக்கே நியாயம்."

"நானா போடச் சொன்னேன்?"

"போடாதேன்னும் சொல்லலையே."

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

மழைக்காலம் ஒன்று வந்துபோயிற்று. எட்டாவது மாதம் அந்தச் சிவப்புக் காரை வேறொரு வண்டி கட்டி இழுத்துவந்தது. பல் டாக்டர் இழுவை வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கினார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் சாவிக்கொத்தை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். வேகமாகப் போகும்போது அடியில் வெடிச்சத்தம் கேட்டதாம். வண்டி குறுக்கே திரும்பிச் சாலையோரத் தடுப்பில் இடித்து நின்றதாம்.

ரெட்டைப்புள்ளி அடியில் படுத்துப் பார்த்தார். நிப்பிள் ஓட்டையில் கிராஸ் முறிந்து, கூட்டல் குறி கழித்தல் குறியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டவிழ்ந்த ஷாஃப்ட் சுழன்றடித்ததில் காது ஒன்று பிய்ந்திருந்தது. கழற்றிப் பலகையில் வைத்தபோது மற்றக் கப்புகளைச் சுற்றி வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

டாக்டர் யாரையும் கேட்காமல் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பலகைக்கு வந்துவிட்டார். கஸ்டமருக்குக் கோடு கிடையாது. வெள்ளைத் தூளை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு உலோகம் ஒட்டி இருக்கு, நடுவுல ஈரம். இது எனக்கே தெரியுமே. வாயில இப்படி வைக்க விடமாட்டேன் நான். இதுக்குன்னு தனி கிராஸ் எதுவும் கிடையாதா?"

"வரவழைக்கணும் டாக்டர். மூணு வாரம் ஆகும்," என்றார் ரெட்டைப்புள்ளி.

"மூணு வாரம்தானே? சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பேனே!"

காற்று அழுத்தும் இயந்திரம் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

முதலாளி குனிந்து ஷாஃப்ட்டைப் புரட்டினார். நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார். "புள்ளி இல்லையே சார் இதுல. நம்ம பெரியவர் செஞ்சதில்லை இது. ஜாப் கார்டு எடுங்க." கார்டு வந்தது. "இதோ, பாருங்க. இந்தப் பையன். தெரியாம எதையோ எடுத்துப் போட்டுட்டான். இன்னிக்கே வெளியே அனுப்பிடறேன்."

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. கண் மட்டும் மாமா பக்கம் திரும்பியது.

"முதலாளி, அந்தப் பெட்டியை..." என்று தொடங்கினார் ரெட்டைப்புள்ளி.

"பெட்டி பேசாதுய்யா. கார்டுதான் பேசும். ஆகாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, பையனை ஏன் போட விட்டே?"

இதே கேள்வியை வீட்டில் எட்டு மாதத்துக்கு முன்பே ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அவர் தன் சாமான் டப்பாவைத் திறந்து பஞ்ச்சை எடுத்தார். பிய்ந்த காதைத் திருப்பி, முழுசாக இருந்த பக்கத்தை மேலே வைத்தார். சுத்தியலை ஓங்கி ஒன்று தட்டினார். பஞ்ச்சை நகர்த்தி இன்னொன்று. அழுக்கேறிய அலுமினியத்தில் இரண்டு புள்ளிகளும் புத்தம்புதிதாக மின்னின.

"என்னய்யா பண்றே?"

"விட்டுப்போனதைப் போடறேன். பிரஸ்ல காதைத் தாங்கினது என் கை. இவன் எழுதினது வெறும் எழுத்து வேலை. செஞ்சது நான்."

"மாமா!" என்றான் மச்சினன்.

"நீ சும்மா இரு."

முதலாளி ஒரு கணம்தான் யோசித்தார். "அப்ப உன் வேலைதான்?"

"என் வேலைதான்."

டாக்டர் அந்தப் புள்ளிகளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்தப் புள்ளியை நம்பித்தான் நான் இந்தப் பட்டறைக்கே வந்தேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ரெட்டைப்புள்ளி தலையைக் குனியவில்லை. ஆனால் கையிலிருந்த பஞ்ச்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டார். அது துணியை இழுத்துக்கொண்டு கனத்துத் தொங்கியது.

மத்தியானத்துக்குள் கணக்குத் தீர்ந்து அவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டார். வெர்னியர் பட்டறையுடையது, அதைத் துடைத்து உறையில் போட்டுப் பலகைமேல் வைத்தார். மச்சினன் வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"நானும் வந்துடறேன் மாமா. எனக்கு மட்டும் இங்க என்ன வேலை?"

"வேலை இருக்கு, பாரு. உன்னையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போனா உங்கக்கா கதவைத் திறக்கமாட்டா." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "காதுக்கு முட்டுக் கொடு. மறந்துடாதே."

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. டப்பாவைத் தோள் மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் மதிலோரமாக நின்றார். மதிலின் கம்பி வழியாகப் பட்டறை முழுவதும் தெரிந்தது. பிய்ந்த ஷாஃப்ட்டைப் பலகைக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். பலகைமேல் வேறு ஒரு காரின் ஷாஃப்ட், அதுவும் அலுமினியம்தான், வெள்ளையாகப் படுத்திருந்தது. முதலாளி ஸ்டோர் அறையிலிருந்து வந்து அதன் பக்கத்தில் அதே சரக்கில் இன்னோர் அட்டைப்பெட்டியை வைத்தார்.

"அளவு பாரு," என்று குரல் கேட்டது.

உறையிலிருந்து வெர்னியரை உருவும் சத்தம்.

"சரியா இருக்கு முதலாளி," என்றான் மச்சினன்.