பேர் வெட்டிய தூக்கு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். நடந்தது போன வருஷ மழைக்காலத்திலா, அதற்கும் முந்தியா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் வீரபாண்டியனின் கடையில் இட்லி மாவு வாங்க வேண்டுமானால் கையில் தூக்கு இருக்க வேண்டும். அந்தத் தூக்கில் தமிழில் ஒரு பேர் வெட்டியிருக்க வேண்டும்.

பாத்திரம் மாறிப்போய் நடந்த சண்டைகளைத் தீர்க்க அவருடைய அப்பா போட்ட சட்டம் அது. நாளாக ஆக அதுவே வாசற்காவலாகிவிட்டது. பேர் வெட்டிய பாத்திரம் தமிழ் வீட்டில்தானே இருக்கும்? பிளாஸ்டிக் டப்பாவோடு வேறு யாராவது வந்தால், அண்டா நிறைய மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "மாவு முடிஞ்சு போச்சு" என்று வங்காள மொழியில் மரியாதையாகச் சொல்லி அனுப்புவார். தூக்கை எடுத்து வருவது பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பெண்கள்தான். வீரபாண்டியன் முகத்தைப் பார்ப்பதில்லை. பேரைப் படிப்பார், மாவை ஊற்றுவார்.

தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகள் பெங்களூருக்குப் போனார்கள், பெற்றோர் பின்னாலேயே போனார்கள். மகன் பிரவீண் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்.

"துர்கா பூஜை வரைக்கும் பாப்போம்ப்பா. வியாபாரம் ஏறலைன்னா இடத்தை மொபைல் கடைக்காரனுக்கு விட்டுருவோம். சும்மா ரெண்டு கிரைண்டரைச் சுத்த விட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

நாற்பது வருஷம் உட்கார்ந்த ஸ்டூலை விட்டு எழுந்தால் எங்கே போய் உட்காருவது என்று வீரபாண்டியனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. தினம் இருபது கிலோவுக்கு இறங்கியிருந்த மாவு முப்பதாயிற்று, ஐம்பதாயிற்று. ஆவணி பிறப்பதற்குள் மூன்றாவது கிரைண்டர் வாங்க வேண்டியதாயிற்று.

தினமும் காலையில் கடைக்கு வந்து ஓசிப் பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி பாலசுப்ரமணியன், இதற்குக் காரணம் தமக்குத் தெரியும் என்றார்.

"கண்டவாளையும் உள்ள விடாம தரத்தைக் காப்பாத்தினேள் பாருங்கோ, அதான். முதல்ல வளர்ச்சி வரணும் வீரபாண்டியன். அப்புறம் மத்தவாளுக்கு அது தன்னால சொட்டும்."

"சொட்டும் சார்" என்றார் வீரபாண்டியன். கடைக் கூரை அப்போது அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. பெருமை தாங்காமல் மேலும் சொன்னார். "நம்ம ஜானகியம்மா மட்டுமே தினம் நாலு கிலோ வாங்குறாங்க, பாத்துக்கோங்க."

"எந்த ஜானகி?"

"மாடி வீட்டு ஜானகியம்மாதான்."

பாலசுப்ரமணியன் பேப்பரை மடித்தார். "அவ பொண்ணோட கோயம்புத்தூர் போய் ஏழு மாசம் ஆறதே. நான்தானே ஹவுரால ரயில் ஏத்தி விட்டேன்."

கூரை மட்டும் சொட்டியது.

மறுநாள் 'ஜானகி' என்று வெட்டிய தூக்கு வந்தபோது வீரபாண்டியன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தார். நாற்பது வயதுப் பெண். பார்த்த முகம்தான், எங்கே என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் மாவை ஊற்றினார். அவள் ஆட்டோவில் ஏறிப் போனதும் கடையைப் பிரவீணிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே இன்னொரு ஆட்டோ பிடித்தார்.

டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டூடியோ வாசல். தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு தோசைக்கல், ஒரு இட்லிப் பானை, ஆறு பெண்கள். லைட் தூக்குகிறவர்களும் மேக்கப்காரர்களும் தட்டும் கையுமாக நெருக்கியடித்து நின்றார்கள். பெண்களுக்குப் பின்னால் தூக்குகள் வரிசையாக இருந்தன: ஜானகி, வெங்கடநாராயணன், ரோஹிணி, ஜெய்ராம். கல்கத்தாவை விட்டுப் போன தமிழர்கள் எல்லோரும் அங்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜானகி தூக்கோடு வந்தவள்தான் முதலில் அவரைப் பார்த்தாள். "வாங்கோ மாமா. உக்காருங்கோ. முறுகலா ஒண்ணு போடட்டுமா?"

ஜானகி வீட்டில் பதினைந்து வருஷம் பாத்திரம் தேய்த்ததில் வங்காளிப் பெண் சுப்ரியாவுக்கு அந்தத் தமிழ் அப்படியே வந்திருந்தது.

"அடுத்தவங்க பேர்ல மாவு வாங்கி யாவாரம் பண்றியாம்மா?"

"மாமிதான் ஊருக்குப் போறச்சே தூக்கைக் கொடுத்துட்டுப் போனா. பேரை அழிச்சுட்டுக் கொடுக்கலையே."

"என்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. டப்பாவோட மூணு தரம் வந்தேன். மூணு தரமும் மாவு முடிஞ்சு போச்சுன்னேள். நாலாந்தரம் மாமி தூக்கோட வந்தேன், அண்டா ரொம்பிடுத்து."

தோசை வந்தது. பக்கத்தில் கடுகு அரைத்த சட்னி. தம்முடைய மாவுக்கு இப்படி ஒரு ருசி உண்டென்று வீரபாண்டியனுக்கு அதுவரை தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே தூக்குகளைப் பார்த்தார். சட்டத்தைப் பிடித்து நிறுத்தினால் நாளையே இருபது கிலோ. பூஜைக்கு மொபைல் கடை. சட்டத்தை விட்டால் அப்பா சுவரில் மாலையோடு முறைப்பார். தட்டு காலியாயிற்று.

"இன்னொண்ணு போடும்மா" என்றார் கடைசியில்.

திரும்பும் வழியில் ஆறு புதுத் தூக்கு வாங்கினார். பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டும் முகமது இஸ்மாயிலிடம் ஒரு தாளில் அந்த ஆறு பெண்களின் பேரையும் தமிழில் எழுதிக் கொடுத்தார். இஸ்மாயில் படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்து வெட்டினான்.

"என்ன அண்ணே, ஒரே நாள்ல ஆறு பொண்ணுக்குச் சீரா?"

"ஆமாப்பா. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

அந்த வாரமே கடையில் வங்காள மொழியில் ஒரு பலகை தொங்கியது. பேர் வெட்டிய தூக்கு இல்லாதவர்களுக்கு மாவு கிடையாது. தூக்கு இங்கே கிடைக்கும், பேரும் இங்கேயே வெட்டித் தரப்படும்.

"இது என்ன தியரி?" என்றார் பாலசுப்ரமணியன்.

"எங்கப்பா போட்ட சட்டம் சார். ஒரு எழுத்துகூட மாத்தலை."

பூஜைக்கு மொபைல்காரன் வந்தான், பிரவீண் அவனுக்கு ஒரு தூக்கு விற்று அனுப்பினான். கடையில் இப்போது ஐந்து கிரைண்டர் ஓடுகிறது. சுப்ரியா பெஹாலாவில் இரண்டாவது கடை போட்டிருக்கிறாள். இஸ்மாயிலுக்குத் தமிழ் எழுத்து எல்லாம் அத்துப்படி, அர்த்தம் மட்டும் தெரியாது. பாலசுப்ரமணியன் முதலில் வந்தது வளர்ச்சிதான் என்று இன்னமும் சொல்கிறார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாதம் தங்க வந்த ஜானகியம்மா பிளாஸ்டிக் டப்பாவோடு மாவு வாங்கப் போனார். முடிந்துவிட்டது என்றார்கள். புதுத் தூக்கு வாங்கிப் பேர் வெட்டிக்கொண்டு, வரிசையில் ஒன்பதாவதாக நின்று வாங்கிப் போனார்.