காற்றில் விழுந்த புளி

ஜெபமாலையம்மாள் மீது புளி திருடியதாக வழக்கு வந்தது. குளத்தூர் சாலைப் புளியமரங்களை அந்த வருடம் ஏலத்தில் எடுத்த அழகுமலை, மடியில் பொறுக்கிய பழத்தோடு நின்றவரைப் போலீசில் ஒப்படைத்துவிட்டார்.

மரத்தில் இருப்பது குத்தகைக்காரருக்கு, காற்றில் விழுந்தது பொறுக்குகிறவர்களுக்கு. சமஸ்தானக் காலத்திலிருந்தே எங்கள் பக்கத்து வழக்கம் அது. அழகுமலை வெளியூர்.

ஜெபமாலையம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாலும் அவர் எனக்கு உறவில்லை. எதிர் வீடு. பி.எஸ்ஸி. முடித்து வேலைக்குக் காத்திருந்த நான் கூச்சமில்லாமல் பேசியது அவரிடம் மட்டும்தான். எங்கள் ஊர் மாதா கோவிலின் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது அவர் வேலை. கணவரும் மகனும் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றே.

கோவில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் மரியசெல்வம் வந்து சொன்னார்.

"கோர்ட்டுல குத்தமில்லைன்னு ஆயிருச்சுன்னா பழையபடி நீங்களே தொவைங்க. இல்லைன்னா திருட்டுப் பட்டம் வாங்குன கையில பீடத்துணியக் குடுக்க முடியாதுங்க."

பழைய குத்தகைக்காரர் நல்லதம்பியின் வீட்டுக்குப் போனேன். கூச்சத்தில் வாசலிலேயே நின்றேன். அவர் மனைவி செவந்தி, "என்னம்மா, மோருக்கு வந்தியா?" என்றார். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"விழுந்ததக்கூட பொறுக்க விடாதவன் புளி கொழம்புக்கு ஆகுமா? நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றார் நல்லதம்பி.

கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் பெரியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"திருடலைன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம்தான் சாட்சிய விசாரிப்பாங்க."

"திருடலை, திருடலை" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அப்பத்தா, நான் இன்னும் டிக்கெட்டே கேக்கலையே" என்றார் கண்டக்டர்.

கூண்டில் நின்று கைகூப்பித் தலைகுனிந்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிடும்போது அப்படித்தான் குனிவார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்றீங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"குத்தம் உண்டுங்க சாமி."

நான் எழுந்தேன். "அவங்க அந்தக் குத்தத்தைச் சொல்லலைங்க." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ யாரும்மா? வக்கீலா?"

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க."

குமாஸ்தா சிரித்தார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பெரியம்மாவிடம் மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குச் சொந்தமில்லைன்னு தெரிஞ்சே எடுத்தீங்களா?"

"சொந்தமில்லைதாங்க. இந்த ஒடம்பே சொந்தமில்லை."

"அப்ப, திருட்டுன்னு ஒத்துக்கிறீங்க."

"குத்தமே இல்லைன்னு எந்த வாயால சொல்லுவேன் சாமி?"

எழுதிக்கொண்டார்கள். கோர்ட்டு கலையும்வரை அங்கேயே காவலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தண்டனை. நல்லதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

பெரியம்மா மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அவ்வளவு சொல்லிக் குடுத்தேனே பெரியம்மா."

"நாற்காலியில ஒக்காந்து ஒருத்தர் கேக்குறப்ப, நான் குத்தமில்லாதவள்னு சொல்லிப் பழக்கமில்ல தாயி. சொன்னா அது வேற பாவம். ஒக்காரச் சொன்னாரு, ஒக்காந்தேன். தீந்துபோச்சுல்ல?"

சாமியாரிடம் சொல்வது அவரோடு நின்றுவிடும். கோர்ட்டில் சொன்னது எங்களுக்கு முந்தைய பஸ்ஸிலேயே ஊருக்குப் போயிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, ஞாயிறு பூசைக்கான பீடத்துணியைத் துவைக்கக் கொண்டுபோகும் நாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் துணியெடுக்க நேரே கோவிலுக்கு நடந்தார். உபதேசியார் கதவருகே நின்றிருந்தார்.

"துணிய அருள்ராணி எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மா, "கஞ்சி தண்ணியா இருக்கணும்னு சொல்லுங்க. கெட்டியா இருந்தா மடிப்புல வெடிச்சிரும்" என்றார்.

"சொல்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் வீட்டுக் கூரையில் புகை எழுந்தது. போய்ப் பார்த்தேன். துணிக்குப் போடுகிற பதத்தில் கஞ்சி காய்ச்சியிருந்தார். ஆறட்டும் என்று காத்திருந்து, உப்புப் போட்டுக் குடித்தார்.