சிவப்பு தெரியாத பிலிம்

மவுண்ட் ரோட்டில் கேமரா சாமான் விற்கும் வலியுல்லா, புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய எதை எடுத்துக் காட்டினாலும் சங்கரன் வேண்டாமென்று தலையாட்டிவிடுவான். "நம்ம பழைய பிலிமே போறும் பாய்" என்பான்.

அந்தப் பழைய பிலிமில் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். கடல் நுரை தனியாகத் தெரியும், கட்டுமரக் கயிற்றின் புரி தனியாகத் தெரியும், கோயில் மதிலில் வெயில் படுவதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்திரக்குளத்துக்கு அருகில் இருந்த அவர்கள் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார் குடும்பம், அவர்களுடைய குழந்தைகள் என்று எந்நேரமும் கூட்டம். கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டி ஜலஜாவோடு நாலு வார்த்தை பேச ஒரு மூலை கிடையாது. பிலிம் கழுவும் நாளில் மட்டும் சாமான் அறை அவனுக்குக் கிடைக்கும். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றி, "யாரும் திறந்துடாதீங்கோ, படம் போயிடும்!" என்று கத்திவிட்டுத் தாழ் போட்டுக்கொள்வான். தட்டும் மருந்தும் எடுத்துக் கொடுக்க ஜலஜா உள்ளே இருப்பாள்.

அந்த பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதனால் விளக்கு எரியலாம். பிலிமின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, மருந்துத் தட்டில் மேலும் கீழுமாக அவன் இழுத்துக்கொண்டிருப்பான். வெளுப்பாக இருக்கும் பிலிமில் முதலில் வானம் கறுப்பாக வந்து நிற்கும். பிறகு மணல், அப்புறம் முகங்கள். எல்லாம் தலைகீழ், வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும். ஜலஜா குனிந்து பார்த்து, "இது உங்க மன்னி, மூக்குத்தி கறுப்பா இருக்கு" என்று கண்டுபிடிப்பாள். அவன் பிலிமைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்ப்பான். படத்தைத் தாளில் அச்சிடுவதை வலியுல்லாவிடம் கொடுத்துவிடுவான். கழுவுவதை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டான்.

சாந்தோம் கடற்கரையில் விடிகாலைகளில் படம் எடுக்கப் போய்ப் போய், லாசர் என்ற மீனவன் அவனுக்குச் சிநேகிதனாகியிருந்தான். ஒருநாள் லாசர் வலையை உதறிக்கொண்டே சொன்னான்: "ஐயரே, வர்ற மாசம் எனக்குக் கண்ணாலம். நீ வந்து ஒரு படம் புடிச்சிக் குடு. பொண்ணு லூர்துமேரி, நம்ம தேசம்மா பொண்ணு."

சங்கரன் சந்தோஷமாகப் போனான். மாதா கோயில் வாசலில் மணமக்களை நிறுத்தி எடுத்தான். லூர்துமேரி கட்டியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு. அவளுடைய அம்மா தேசம்மா காஞ்சிபுரத்துக்கே போய்ப் பொறுக்கி எடுத்துவந்த புடவை. படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து குரல் வந்தது.

"ஐயரே! வெளிய வா! இன்னா படம் புடிச்சிக் குடுத்துக்கீற நீ?"

தேசம்மா படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்து ஜன்னல்களெல்லாம் திறந்தன.

"எம் பொண்ண செவப்புப் பொடவ கட்டி அனுப்சேன். நீ கறுப்ப சுத்தி வுட்டுக்கீறியே! இது கண்ணால வூடா, சாவு வூடா?"

சங்கரன் படத்தைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அதுவரை படாதது அப்போதுதான் பட்டது. புடவை கரியாக இருந்தது. ஜரிகை மட்டும் பல் இளித்தது. பெண்ணின் உதடும் கறுப்பு.

"இந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாதும்மா. சிவப்பா இருக்கறதெல்லாம் கறுப்பா விழுந்துடும்."

"தெரியாதுன்னா அத்த ஏன் எடுத்துக்கினு வந்த? தெரிஞ்சத எடுத்துக்கினு வர்றதானே!"

தேசம்மா படத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே லாசரின் கட்டுமரம் அலையில் கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, இடதுகை எலும்பு முறிந்துவிட்டது. சங்கரன் பார்க்கப் போனபோது லாசர் கையில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு சிரித்தான். "அல வந்து கவுத்ததுக்கு உன் படம் இன்னா பண்ணும் ஐயரே? நீ வுடு." ஆனால் குடிசைக்குள்ளிருந்து லூர்துமேரி வெளியே வரவில்லை. படத்தை நினைத்து நினைத்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்துக் குடிசைக்காரி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சங்கரனும் சாப்பிடவில்லை. கிணற்றடியில் ஜலஜா கேட்டாள்.

"ஏன்னா, சிவப்பு தெரியற பிலிமே கிடையாதா?"

"இருக்கு. பான்குரோன்னு பேர். பாய் எப்போ போனாலும் எடுத்து எடுத்துக் காட்டிண்டிருக்கார்."

"அப்பறம் என்ன? வாங்கிண்டு வந்து இன்னொரு தரம் எடுத்துக் கொடுங்கோளேன்."

"அதுக்கு எல்லா வெளிச்சமும் தெரியும் ஜலஜா. சிவப்பு விளக்குகூட ஏத்தப்படாது. கும்மிருட்டுல கழுவணும்."

"கழுவறது."

அவன் வாளிக் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "உன் முகம் தெரியாதே."

ஜலஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "நன்னாருக்கு! இதுக்காகவா அந்தப் பொண்ணைக் கறுப்புப் புடவையோட விட்டேள்? நான் எங்கே போயிடப் போறேன், பக்கத்துலதானே நிப்பேன்?"

"கடிகாரமும் தெரியாது. எவ்வளவு நேரம் மருந்துல விடறதுன்னு எப்படிப் பார்க்கறது?"

அதை அவள் யோசித்தாள். மறுநாள் பகலில் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்துப் பார்த்தாள். பிறந்தகத்தில் பாட்டு வாத்தியாரிடம் கற்ற ஒரு வர்ணத்தை நிதானமாக முழுதும் பாடினால் மருந்தில் பிலிம் ஊறவேண்டிய நேரம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் சங்கரன் பான்குரோ பிலிமோடு கடற்கரைக்குப் போனான். லூர்துமேரி அதே பட்டைக் கட்டிக்கொண்டு, கலங்கிய கண்ணோடு வந்தாள். லாசரின் கட்டுப் போட்ட கையை எப்படி மறைப்பது என்று சங்கரன் யோசிப்பதற்குள் அவளே அந்தப் பக்கம் போய் நின்று, முந்தானையை அந்தக் கைமேல் போட்டாள். தேசம்மா கேமராவுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்த வாட்டியும் கறுப்பா வந்துச்சி, பொட்டி கடலுக்குப் போவும். சொல்லிட்டேன்."

அன்று மாலை சாமான் அறையில் விளக்கில்லை. சங்கரன் தடவித் தடவி பிலிமை மருந்தில் இறக்கினான். "ம்" என்றான். ஜலஜா பாட ஆரம்பித்தாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் வாய்விட்டுப் பாடி அவன் கேட்டதில்லை. கூடத்தில் மாமனார் இருப்பார், மைத்துனர்கள் இருப்பார்கள். அவள் பாடியதே இல்லை. இருட்டில் அந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுதும் நிறைந்தது. மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்த அவன் கை தானாகத் தாளத்தில் விழுந்தது.

சரணத்துக்கு வந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது. அவன் அம்மா அபயாம்பாள்.

"ஜலஜா! அந்த இடத்துல ஒரு ஸ்வரத்தை முழுங்கிட்டியேடி! திருப்பிப் பாடு!"

ஜலஜா திருப்பிப் பாடினால் நேரம் கூடிவிடும், நிறுத்தினால் கணக்குப் போய்விடும். அவள் விடாமல் மேலே பாடினாள்.

"காதுல விழலையா? திருப்பிப் பாடுங்கறேன்!"

"அம்மா, பேசாம இரு! படம் போயிடும்!" என்று சங்கரன் இருட்டிலிருந்து கெஞ்சினான். ஜலஜாவின் குரல் சிரிப்பில் நடுங்கியது. இருந்தும் தாளம் தப்பவில்லை. வர்ணம் முடிந்ததும் அவன் பிலிமை அலசி அடுத்த தட்டில் போட்டான். அது ஊறும்வரை இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சத்தம் வராமல் சிரித்தார்கள்.

கதவைத் திறந்தபோது அபயாம்பாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிலிமை அவள் பார்க்கவேயில்லை. "நாளைக்கும் படம் கழுவணுமோ?" என்று மருமகளைக் கேட்டாள்.

வலியுல்லா அச்சிட்டுக் கொடுத்த படத்தில் புடவை இளஞ்சாம்பலாக இருந்தது. கறுப்பில் மூழ்கிப்போன மடிப்பெல்லாம் இப்போது தெரிந்தது. ஆனாலும் ஜலஜா திருப்திப்படவில்லை. "அந்தம்மா சாம்பலையும் ஒத்துக்க மாட்டா. கறுப்புமேல வர்ணம் ஏறாது, இதுமேல ஏறுமோன்னோ?" என்றாள். வலியுல்லாவின் கடையிலிருந்தே படத்துக்குப் பூசும் வர்ணம் வந்தது. இரண்டு பகல், மெல்லிய தூரிகையால், ஜரிகையைத் தொடாமல் புடவைக்கு மட்டும் சிவப்புப் பூசினாள். மிச்சத்தைத் துளி உதட்டுக்கு வைத்தாள்.

குப்பத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். தேசம்மா கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெயிலுக்குத் திருப்பினாள். சங்கரன் கேமராப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"லூர்து! இங்க வாடி!"

லூர்துமேரி ஓடிவந்து பார்த்தாள். "எம் பொடவ" என்றாள். விரலை அதன்மேல் வைக்கப் போய், ஈரமோ என்று பயந்து எடுத்துக்கொண்டாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

லாசர் எட்டிப் பார்த்தான். "எல்லாம் சரி, என் கை எங்க போச்சி?"

"எங்கிட்ட கீது, வா" என்றாள் லூர்துமேரி.

தேசம்மா படத்தை உள்ளே கொண்டுபோய் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தாள். சங்கரனை விட்டுவிட்டு ஜலஜாவிடம் நேராக வந்தாள்.

"நீதான் செவப்பு வெச்சியா?"

"ஆமாம்."

"என்னியும் ஒண்ணு புடிக்கச் சொல்லு உன் வூட்டுக்காரர. எனக்குப் படமே கெடையாது." பேசிக்கொண்டே இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் அடக்கினாள். "வாயி நல்லா செவக்கட்டும், இரு. பாத்து வெக்கணும் நீ, இன்னா?"

சங்கரன் கேமராவைப் பிரித்தான். தேசம்மா கவிழ்த்துப் போட்ட கூடைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். ஜலஜா பக்கத்தில் மணலில் குந்தி, அந்த உதடு எந்தச் சிவப்பு என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.